வன்னி றோட்டில் காரைப் பதிக்கலாமா? ஸ்பிறிங், கொயிலோவர், அல்லது உயரத்தைத் தொடாமல் விடுவது

ஏ9 வீதியில் வவுனியாவிலிருந்து வடக்கே ஓடும்போது எந்தக் காரையும் பதிக்கலாம், அதாவது உயரத்தைக் குறைத்துத் தரைக்குக் கிட்ட இறக்கலாம் போலத்தான் இருக்கும். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி என்று காப்பெட் போட்ட நேர் றோட்டு. தரையோடு தரையாக ஒரு ஹொண்டா சிவிக் முந்திக்கொண்டு போனால் கண் அதன் பின்னாலேயே போகும். ஆனால் மாங்குளத்தில் கிழக்கே திரும்பி ஒட்டுசுட்டான் பக்கமோ, மேற்கே மல்லாவி, துணுக்காய் பக்கமோ போய், அங்கிருந்து வீட்டு ஒழுங்கைக்குள் இறங்கும்போதுதான் கதை மாறும். டிப்பர் உழுதுவிட்ட கிரவல், இரண்டு சில்லுத் தடத்துக்கும் நடுவில் புல் முளைத்த திட்டி, வாய்க்காலுக்கு மேலே முதுகு நிமிர்த்தி நிற்கும் போக்கு என்னும் சிறு மதகு. கார் பதிப்பதா இல்லையா என்பதை ஏ9 இல் வைத்து முடிவெடுக்கக் கூடாது. வீட்டுக்குப் போகும் கடைசி இரண்டு கிலோமீற்றரில் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பத்துக்கு ஒரே கார், அதுவும் வன்னிக்குள் தினமும் ஓடும் கார் என்றால், உயரத்தைத் தொடாதீர்கள். அந்தக் காசை நல்ல ஷொக், புது புஷ் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர்), நல்ல டயர் ஆகியவற்றில் போடுங்கள். அதற்குப் பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால், அதிகபட்சம் 20 முதல் 25 மில்லிமீற்றர்; அதுவும் ஸ்பிறிங்கும் ஷொக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி சேர்த்து மாற்றுங்கள். கொயிலோவர், அதாவது உயரத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் ஷொக், எல்லோருக்கும் உரியது அல்ல. ஸ்பிறிங்கை வெட்டுவது ஒருவருக்கும் உரியது அல்ல. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதுதான் இனி வருவது.

காரைப் பதிக்க நினைப்பவர்களிடம் காரணம் கேட்டால் மூன்று விஷயம் வரும். பார்க்க வடிவாக இருக்கும், வளைவில் சாயாது, ஓடும்போது இறுக்கமாக இருக்கும். வடிவுக்காகச் செய்வதில் ஒரு பிழையும் இல்லை. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. அந்த இடைக்காலத்தில் புதுக் கார் எடுக்க வழியில்லாமல், கையில் இருந்ததையே பார்த்துப் பார்த்து அலங்கரித்தவர்கள் எத்தனையோ பேர். அந்த அக்கறையை மதிக்கிறேன். மற்ற இரண்டு காரணங்களைத்தான் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வளைவில் கார் திரும்பும்போது உள்பக்கச் சில்லுகளின் பாரம் வெளிப்பக்கச் சில்லுகளுக்கு மாறுகிறது. அது எவ்வளவு என்பது காரின் எடை, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறீர்கள், புவியீர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இடது வலது சில்லுகளுக்கு இடையில் எவ்வளவு அகலம் என்பவற்றைப் பொறுத்தது. டொயோட்டா அக்சியோ அளவிலான ஒரு காரை எடுப்போம்: எடை ஏறக்குறைய 1,100 கிலோ, மையத்தின் உயரம் 550 மில்லிமீற்றர், சில்லுகளுக்கு இடையில் 1,480 மில்லிமீற்றர் என்று வைப்போம். புவியீர்ப்பின் பாதியளவு பக்கவிசையோடு, அதாவது உள்ளே இருப்பவர்கள் கைப்பிடியைப் பிடிக்கும் அளவுக்கு ஒரு வளைவை எடுத்தால், மாறும் பாரம் 204 கிலோ. காரை 30 மில்லிமீற்றர் பதித்தால் அது 193 கிலோ ஆகும். வித்தியாசம் 11 கிலோ, ஐந்தரை வீதம். ஓட்டப் பந்தயத் தடத்தில் இது பெரிய விஷயம். நகரத்துக்கு வெளியே காருக்கு மணிக்கு 70 கிலோமீற்றர், குடியிருப்புப் பகுதியில் 50 என்று சட்டம் இருக்கும் நாட்டில், அதுவும் கிலோமீற்றர் கணக்கில் வளைவே இல்லாத ஏ9 இல், அந்த 11 கிலோவை நீங்கள் உணரும் இடம் எங்கே இருக்கிறது?

இன்னொன்று உண்டு, பலர் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் ஓடும் அக்சியோ, விட்ஸ், ஃபிட், அல்டோ எல்லாவற்றுக்கும் முன்னால் இருப்பது மக்பர்சன் அமைப்பு: ஷொக்கும் ஸ்பிறிங்கும் ஒரே தூணாக நிற்க, கீழே சில்லைக் காரோடு இணைக்கும் ஒரே ஒரு லோவர் ஆர்ம். கார் கொம்பனியில் இருந்து வரும் உயரத்தில் அந்த ஆர்ம் கிட்டத்தட்ட தரைக்குச் சமாந்தரமாகவோ, வெளிப்பக்கம் சற்றுக் கீழே சாய்ந்தோ இருக்கும். காரைப் பதித்தால் வெளிமுனை மேலே போய்விடும். அப்போது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, புவியீர்ப்பு மையம் இறங்கியதை விட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடும். அதனால் காரைச் சாய்க்கும் விசையின் கை நீளும். சாய்வு குறைந்தது போலத் தெரிவது உயரம் குறைந்ததால் அல்ல, புது ஸ்பிறிங் விறைப்பாக இருப்பதால். ஸ்டியரிங் ரொட்டின் கோணமும் இதோடு சேர்ந்து மாறுவதால், ஒரு சில்லு பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது கார் தானாகவே ஒரு பக்கம் இழுக்கப் பார்க்கும். பந்தயம் ஓடுபவர்கள் இதைச் சரிசெய்யத் தனியாக போல் ஜொயின்ட், ஸ்பேசர் எல்லாம் போடுவார்கள். எங்கள் கராஜ்களில் ஸ்பிறிங் மாற்ற வருபவருக்கு அந்தப் பேச்சே வருவதில்லை.

இனி, எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகப் படுவது: சில்லு மேலெழும்ப மிஞ்சியிருக்கும் இடம்.

கார் நிற்கும் நிலையில் இருந்து சில்லு மேலே போய் பம்ப் ஸ்டொப் என்ற ரப்பர் தடுப்பில் முட்டும் வரை ஓர் இடைவெளி இருக்கிறது. அது 80 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். காரை 30 மில்லிமீற்றர் பதித்தால் மிஞ்சுவது 50. ஒரு பள்ளத்தின் அடியை முழுவதும் ஸ்பிறிங்கே வாங்க வேண்டுமானால், ஸ்பிறிங்கின் விறைப்பு அந்த இடைவெளியின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் கூட வேண்டும். 80 இன் வர்க்கம் 6,400. 50 இன் வர்க்கம் 2,500. ஆக, முன்பு தாங்கிய அதே அடியைத் தாங்க, புது ஸ்பிறிங் இரண்டரை மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். காரைப் பதிக்கக் கடையில் விற்கும் ஸ்பிறிங்குகள் அப்படி இருப்பதில்லை. வழக்கமாகப் பத்து, இருபது, முப்பது வீதம்தான் கூட இருக்கும். மிச்ச அடியை யார் வாங்குவது? பம்ப் ஸ்டொப், ஷொக்கின் மேல் மவுண்ட், கடைசியில் காரின் உடல். விசுவமடுப் பக்கம் ஒரு கிரவல் ஒழுங்கையில் பதித்த கார் ஒன்று போகும்போது பக்கத்தில் நின்று கேட்டுப் பாருங்கள். டக் டக் என்று ஓர் அடி கேட்கும். அதுதான் அந்த மிச்சம்.

உங்கள் கார் உங்கள் றோட்டில் எவ்வளவு இடத்தைப் பாவிக்கிறது என்பதை ஊகிக்கத் தேவையில்லை, அளக்கலாம். ஒரு சின்னக் கேபிள் டை போதும். கராஜில் காரைத் தூக்கி, ஷொக்கின் தூசிக் கவசத்தை மேலே தள்ளிவிட்டு, பளபளக்கும் அந்தத் தண்டைச் சுற்றிக் கேபிள் டையை மெதுவாக இறுக்குங்கள். கையால் தள்ளினால் நகர வேண்டும், தானாக வழுக்கக் கூடாது. முனையை வெட்டிவிட்டு, ஷொக்கின் உடம்பைத் தொடும்படி கீழே தள்ளி விடுங்கள். காரை இறக்கித் தரையில் நிறுத்தியதும் ஷொக் அமுங்கும். நிற்கும் உயரத்தில் டை எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கிழமை வழக்கம்போல் ஓடுங்கள். வேலைக்கு, பிள்ளைகளின் டியூசனுக்கு, சந்தைக்கு, ஒரு நாளாவது ஐந்து பேரும் சாமானுமாக. திரும்பிப் பார்த்தால் டை எவ்வளவு மேலே தள்ளப்பட்டிருக்கிறதோ, அவ்வளவு இடத்தை நீங்கள் பாவித்திருக்கிறீர்கள். அங்கிருந்து பம்ப் ஸ்டொப் வரை மிஞ்சியிருப்பதுதான் உங்களிடம் செலவழிக்க இருக்கும் கையிருப்பு. அது 15 மில்லிமீற்றர் என்றால், 30 பதிக்கும் பேச்சு அத்தோடு முடிந்தது. சில கார்களில் பின் ஷொக்குக்கு இரும்புக் கவசம் இருக்கும், டை கட்ட முடியாது.  இதைச் செய்யாமல் பார்ட்ஸ் வாங்காதீர்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன்.

அடுத்தது வயிறு. ஜப்பானிலிருந்து வந்த சிறிய கார்களின் தரை இடைவெளி பெரும்பாலும் 13 முதல் 16 சென்ரிமீற்றருக்குள் இருக்கும். அது வெறும் காரின் கணக்கு. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வீட்டார் எல்லோரையும் ஏற்றி, டிக்கியில் அரிசியும் பானையும் வைத்தால் பின்பக்கம் இன்னும் சில சென்ரிமீற்றர் இறங்கும். அதிலிருந்து மூன்றைக் கழித்துப் பாருங்கள். முன்பின் சில்லுகளுக்கு இடையில் 2,600 மில்லிமீற்றர் இருக்கும் ஒரு கார், 155 மில்லிமீற்றர் இடைவெளியோடு ஏறக்குறைய பதின்மூன்றரைப் பாகை முதுகுள்ள ஒரு மேட்டைக் கடக்கும். 40 மில்லிமீற்றர் பதித்தால் அது பத்துப் பாகையாகக் குறையும். வாய்க்கால் போக்குகளும், குளக்கட்டில் ஏறி இறங்கும் பாதைகளும், உள்ளூர் ரயில் கடவைகள் சிலவும் இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் நிற்கலாம்.

எது முட்டும் என்பதும் முக்கியம். முன் பம்பரின் உதடு முட்டினால் கீறல், மனவருத்தம், அவ்வளவுதான். நடுத்திட்டியில் சைலன்சர் இழுபட்டால் சத்தமும் செலவும். என்ஜினின் அடியில் ஒயில் தேங்கும் சம்ப் உடைந்தால், ஒயில் லைட் எரிவதைக் கவனிக்காத இரண்டு நிமிடத்தில் என்ஜின் போய்விடும். நெடுங்கேணிப் பக்கம் இரவில் அப்படி நின்றால், யானை நடமாடும் பாதையில் கார் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பல ஹைபிரிட் கார்களில் பின்னாலுள்ள பற்றரியில் இருந்து முன்னுக்குப் போகும் உயர் மின்னழுத்தக் கேபிள் காரின் அடித்தளத்தை ஒட்டித்தான் போகிறது. அதற்கு உறை உண்டு. ஆனாலும் அந்த உறை தினமும் கல்லில் உரசுவதற்காகச் செய்யப்பட்டது அல்ல.

மாரியில் இதெல்லாம் இரட்டிப்பாகும். ஐப்பசி கார்த்திகையில் கிரவல் கரைந்து தடம் ஆழமாகும். தடம் ஆழமானால் நடுத்திட்டி உயரும். போக்குகளுக்கு மேலால் தண்ணீர் பாயும்போது எவ்வளவு ஆழம் என்று பார்க்கவும் முடியாது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் எப்படிக் கிடந்தன என்று ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும். அந்த அளவுக்கு வெள்ளம் வராத வருடத்திலும் தண்ணீர் கதவின் அடியோடு நிற்பதா, காருக்குள் விரித்த காப்பெட்டை நனைப்பதா என்பதை அந்த மூன்று சென்ரிமீற்றர் தீர்மானிக்கலாம். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை. அப்போது தண்ணீர் இருக்காது. ஆனால் வயலில் இருந்து ஏறும் மெசினும் உழவு இயந்திரமும் றோட்டில் உதிர்த்துவிட்டுப் போகும் மண்கட்டி காய்ந்து கல்லாகிக் கிடக்கும்.

சரி, இவ்வளவும் தெரிந்த பிறகு என்னென்ன வழி இருக்கிறது?

மலிவானது வெட்டு. கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த ஒரு கராஜ்காரரிடம் ஒரு பெடியன் கேட்டது இப்போதும் நினைவிருக்கிறது: “அண்ணை, ஒரு சுத்து வெட்டிவிட்டாக் காணும்தானே?” அவர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “வெட்டுறது எனக்கு அஞ்சு நிமிச வேலை தம்பி. ஆனா அதுக்குப் பிறகு அந்தக் காரிலை உன்ரை அம்மாவை ஏத்தாதை.” அவர் சொன்னதன் காரணம் இதுதான். ஸ்பிறிங்கில் வேலை செய்யும் சுற்று ஆறு என்றால், ஒன்றை வெட்டினால் விறைப்பு இருபது வீதம் கூடும். ஷொக் அதே பழையது. வெட்டிய முனை தட்டில் சரியாக அமராது. சில்லு பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிறிங் தட்டை விட்டு எழும்பும். திரும்ப வேறு இடத்தில் குந்தும். காஸ் வெல்டிங் நெருப்பால் சூடாக்கி ஸ்பிறிங்கை அமுக்குவது இதைவிட மோசம், உருக்கின் பதமே போய்விடும். இதற்கு மேல் இந்த வழியைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

ஸ்பிறிங்கை மட்டும் மாற்றுவது அடுத்தது. நல்ல ஜப்பானிய, ஐரோப்பியக் கொம்பனிகள் உங்கள் மொடலுக்கென்றே 20, 30, 40 மில்லிமீற்றர் பதியும்படி செய்கின்றன. தட்டில் சரியாக அமரும், பதமும் சரி. பிரச்சினை ஷொக்கில். பத்துப் பன்னிரண்டு வருடமாக ஓடிய ஷொக், பழைய ஸ்பிறிங்கையே அடக்க முடியாமல் இருக்கும். அதன் மேல் விறைப்பான, கட்டையான ஸ்பிறிங்கைப் போட்டால், ஷொக்கின் தண்டு எப்போதும் உள்ளே அமுங்கிய நிலையில் வேலை செய்யும். பம்ப் ஸ்டொப்பில் முட்டிக்கொண்டே இருக்கும். காப்பெட்டில் முதல் மாதம் சந்தோஷமாக இருக்கும். பிறகு கார் அலையில் வள்ளம் மாதிரி எழும்பி எழும்பி விழும், ஷொக்கில் ஒயில் கசியும். இரண்டாவது செலவு அப்போது வரும்.

ஸ்பிறிங்கும் ஷொக்கும் பொருத்தமான ஜோடியாக, 20 முதல் 25 வரை மட்டும். பதித்தே ஆக வேண்டும் என்பவருக்கு நான் சொல்லும் வழி இது ஒன்றுதான். ஷொக்கின் உடம்பு கட்டையாகவும் பம்ப் ஸ்டொப் அதற்கேற்றதாகவும் இருப்பதால், உயரம் குறைந்தாலும் சில்லின் ஓட்டத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். கண்ணுக்கு வித்தியாசமும் தெரியும்: டயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் நாலு விரல் போகும் இடத்தில் மூன்று விரல் போகும். வவுனியா, கிளிநொச்சி நகரங்களுக்குள், ஏ9 ஐ ஒட்டியே வீடும் வேலையும் உள்ளவருக்கு இது வாழக்கூடிய தெரிவு. பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 இலும் பிரச்சினை இல்லை. உள்வீதி தினமும் உண்டு என்றால், மேலே சொன்ன கேபிள் டை சம்மதித்தால் மட்டும்.

கொயிலோவர் பற்றி நிறையக் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஷொக்கின் உடம்பில் மரை வெட்டி, வளையத்தைத் திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு அது. இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஸ்பிறிங் அமரும் தட்டு மட்டும் ஏறி இறங்கும். அதைக் கீழே இறக்கினால் சில்லின் மேலோட்ட இடமும் குறையும். மற்றதில் ஷொக்கின் அடிப்பாகம் தனியாகத் திருகும். ஸ்பிறிங்கையும் ஷொக்கின் ஓட்டத்தையும் தொடாமல் முழு நீளத்தையே குறைக்கலாம். வாங்குவதென்றால் இரண்டாவதுதான். அப்போதும் ஷொக் முழுதாக அமுங்குவதற்கு முன்னால் டயர் மட்காட்டின் உள்பக்கத்தில் முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். விறைப்பைக் கிளிக் கிளிக்காக மாற்றும் வசதியும் பலவற்றில் இருக்கும். இதெல்லாம் நல்ல பொறியியல், சந்தேகமே இல்லை.

ஆனால் கோடையில் செம்மண் தூசி, மாரியில் சேறு. மரைக்குள் அது போய் இறுகினால் அடுத்த வருடம் வளையம் திரும்பாது. முல்லைத்தீவு, அளம்பில், நாயாறு என்று கடற்கரையை ஒட்டி ஓடுபவர்களுக்கும், வட்டுவாகல் பாலத்தால் போய் வருபவர்களுக்கும் உப்பும் சேரும். மாதம் ஒரு தடவை கழுவி, பிரஷ் போட்டுத் துடைத்து, மெழுகு மாதிரியான கிறீஸ் பூசும் பொறுமை உள்ளவருக்குத்தான் இது. “மாரியில உயர்த்தி, கோடையில பதிச்சு ஓடலாம்தானே” என்று சிலர் சொல்வார்கள். ஒவ்வொரு தடவை உயரம் மாற்றும்போதும் சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் செய்ய வேண்டும், லைட்டின் கோணத்தைச் சரிபார்க்க வேண்டும். இருட்டில் மாடும், லைட் இல்லாத சைக்கிளும் நிற்கும் எங்கள் வீதியில் லைட் கோணம் விளையாட்டு இல்லை. மாற்றி மாற்றி ஓடுவோம் என்று வாங்கிய பலர் ஒரு தடவை பொருத்தியதோடு விட்டுவிடுகிறார்கள். வீட்டில் இன்னொரு வாகனம் இருக்கிறது, இந்தக் கார் காப்பெட்டில்தான் வாழப்போகிறது, இதைப் பராமரிப்பதே எனக்கு விருப்பமான வேலை என்பவர் தாராளமாக வாங்கட்டும். எயார் சஸ்பென்ஷன் பற்றி: கம்பிரசர், தாங்கி, பைகள், வால்வுகள் எல்லாவற்றையும் இங்கே வைத்துத் திருத்த ஆள் கிடைப்பது கடினம். அதை இத்தோடு விடுகிறேன்.

இப்போது, உயரத்தைத் தொடாத வழி. இதைச் சலிப்பானது என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். பலர் “கார் சாயுது, அலையுது” என்று சொல்லிப் பதிக்க வரும்போது, உண்மையில் பிழை உயரத்தில் இல்லை. செத்துப்போன ஷொக்கிலும் வெடித்த புஷ்ஷிலும் இருக்கிறது. பழைய கார் ஒன்றில் நாலு ஷொக், மேல் மவுண்ட், லோவர் ஆர்ம் புஷ், லிங்க் ரொட் ஆகியவற்றை மாற்றி, அலைன்மென்ட் செய்துவிட்டு ஓடிப் பாருங்கள். ஸ்டியரிங்கில் கிடைக்கும் இறுக்கம், நீங்கள் பதித்தால் கிடைக்கும் என்று நினைத்த அதே இறுக்கம்தான். டெயின் கொம்பனியின் எண்டுராப்ரோ போன்றவை மூல ஸ்பிறிங்கோடு, மூல உயரத்தில் போடுவதற்கென்றே செய்யப்பட்டவை. அதில் பம்ப் ஸ்டொப்பின் வேலையை ஷொக்குக்குள்ளேயே ஒயில் அழுத்தத்தால் செய்யும் அமைப்பு இருக்கிறது; பள்ளத்தின் கடைசி அடி மெத்தென்று முடியும். கிரவல் றோட்டுக்கு இதைவிட வேண்டியது வேறில்லை. அவ்வளவு செலவழிக்க வேண்டாம் என்றால் கே.வை.பி.யின் எக்செல்-ஜி மாதிரி, கொம்பனி ஷொக்குக்கு நிகரானது போதும். கொழும்பில் பழைய பார்ட்ஸ் விற்கும் பஞ்சிகாவத்தையில் இருந்து றீகண்டிஷன் ஷொக் எடுப்பிப்பதை மட்டும் தவிருங்கள். உள்ளே இருக்கும் சீலின் வயது யாருக்கும் தெரியாது.

சாய்வு இன்னும் குறைய வேண்டுமா? உங்கள் மொடலுக்குச் சற்றுத் தடித்த அன்டி ரோல் பார் (இடது வலது சில்லுகளை இணைக்கும் தண்டு) கிடைக்கிறதா என்று பாருங்கள். வளைவில் சாய்வைக் குறைக்கும், தரை இடைவெளியில் ஒரு மில்லிமீற்றர்கூட எடுக்காது. ஒரு சில்லு மட்டும் பள்ளத்தில் விழும்போது கொஞ்சம் உலுக்கும், அது ஏற்கக்கூடியது.

வடிவுதான் முக்கியம் என்றால் ரிம்மில் ஆரம்பியுங்கள். 185/60 ஆர்15 டயரின் மொத்த விட்டம் 603 மில்லிமீற்றர். 195/50 ஆர்16 இன் விட்டம் 601. ஆக வேக மீற்றரும் பிழையாகக் காட்டாது, உயரமும் மாறாது, சில்லு மட்டும் மட்காட்டுக்குள் பெரிதாகத் தெரியும். ஆனால் டயரின் பக்கச் சுவர் 111 இல் இருந்து 97 மில்லிமீற்றருக்கு மெலிகிறது என்பதைக் கணக்கில் எடுங்கள். துணுக்காய்ப் பக்கப் பள்ளங்களில் அலோய் ரிம் வெடிக்க அது போதும். 15 இலேயே நின்று, வடிவான ரிம்மையும் சரியான ஒப்செட்டையும் (ரிம் எவ்வளவு உள்ளே வெளியே நிற்கும் என்ற அளவு) தெரிவு செய்தாலே காரின் தோற்றம் மாறிவிடும்.

எங்கள் பக்கத்தில் பதிப்பவர்களை விட ஸ்பேசர் போட்டு உயர்த்துபவர்கள்தான் அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். 20 மில்லிமீற்றருக்குள் என்றால் நியாயமானது. அதற்கு மேல் போனால் டிரைவ் ஷாப்டின் கோணம் கூடி அதன் முனையிலுள்ள சிவி ஜொயின்ட் தேயும். ஸ்பேசரை ஸ்பிறிங்குக்கும் அதன் தட்டுக்கும் நடுவில் போட்டால் சில்லு கீழே தொங்கும் ஓட்டமும் குறையும்.

எதைச் செய்தாலும் கடுதாசி வேலை ஒன்று இருக்கிறது. லீசிங்கில் இருக்கும் கார் என்றால் அது இன்னும் நிறுவனத்தினுடையது. அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். காப்புறுதிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். விபத்துக்குப் பிறகு மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்போதுதான் அவர்களுக்குத் தெரிய வந்தால், உங்கள் வாதம் பலவீனமாக இருக்கும். 2025 ஜனவரியில் அரசின் கிளீன் ஸ்ரீலங்கா திட்டத்தின் கீழ் வாகனங்களில் பின்னர் பூட்டிய ஆபத்தான பாகங்களைக் கழற்றச் சொல்லிப் பொலிஸ் இறங்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். பெரிய மாற்றம் என்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

பொருத்தும் நாளில் பக்கத்திலேயே நில்லுங்கள். முன் ஸ்பிறிங்கை அமுக்கிக் கழற்ற முறையான கொம்பிரசர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கயிறும் கம்பியும் கட்டிச் செய்யும் கராஜ் என்றால் காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு வாருங்கள், அமுங்கிய ஸ்பிறிங் தெறித்தால் ஆள் தப்பாது. லோவர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டுகளைக் கார் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்க விடாதீர்கள். காரை இறக்கி, பாரம் சில்லில் நிற்கும் நிலையில்தான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையில் இருந்து சீக்கிரம் கிழியும். பின்னச்சைக் குறுக்குத் தண்டு பிடித்திருக்கும் கார்களில், உயரம் மாறியதும் அச்சு ஒரு பக்கம் சற்று நகர்ந்திருக்கும். இரண்டு பக்கமும் டயருக்கும் மட்காட்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். பதித்ததும் முன் சில்லுகளின் மேற்பக்கம் உள்ளே சாயும், டோவும் (சில்லுகளின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறும். சாய்வை விட டோதான் டயரை வேகமாகத் தின்னும். அதனால் அன்றே அலைன்மென்ட்; புது ஸ்பிறிங் சில நூறு கிலோமீற்றர் ஓடிச் சற்று அமர்ந்த பிறகு இன்னொரு தடவை.

கழற்றிய மூல ஸ்பிறிங்குகளைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். எண்ணெய் தடவி, எது இடது எது வலது என்று எழுதி, உரப்பையில் சுற்றிக் கொட்டிலில் வையுங்கள். வன்னியில் கார் வாங்க வருபவர் முதலில் குனிந்து அடியைத்தான் பார்ப்பார். “கொம்பனி ஸ்பிறிங் கையில இருக்கு, வேணுமெண்டால் பூட்டித் தாறன்” என்று சொல்ல முடிந்தால் பேரம் அங்கேயே பாதி படிந்துவிடும்.